முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு: ஐப்பசி மழைக்கு முன்னால் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

தாழைமலர்:

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம் தனி வீடு. தரைத்தளம் மட்டும்தான், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. தெருவிலிருந்து வாசல் மூன்று படி உயரம், ஏறக்குறைய ஒன்றரை அடி. பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். 6000 லிட்டர் சம்ப், மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், போர்வெல்லில் சப்மெர்சிபிள். 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர். வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார், படியேற ஆள் துணை வேண்டும். மகளுக்கு நாலு வயது.

சுவரில் 2015 தண்ணீர்க் கறை வீட்டுத் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலின் கறை முக்கால் அடி.

டார்ச், மெழுகுவர்த்தி, பிஸ்கட் என்று போகும் பட்டியல்களை நிறையப் படித்தாயிற்று. எங்களுக்கு வேண்டியது அளவுகள்: எத்தனை லிட்டர், எவ்வளவு உயரம், எதை எப்போது அணைப்பது. செம்பரம்பாக்கம் திறக்கிறார்கள் என்று செய்தி வந்த பிறகு எங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்றும் தெரிய வேண்டும். மழை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, கொத்தனார், பிளம்பர் வேலை இருந்தாலும் செய்துகொள்ளலாம்.

ஏரிக்கரை (கட்டுமானப் பொறியாளர்):

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் உங்கள் பகுதியில் பலரும் தவறான ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றில் அதற்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கம் திறப்புச் செய்தி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கானது. உங்கள் வாசலுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வருவது. அந்த ஏரிகளில் பலவற்றுக்கு மதகைத் திறந்து மூடும் வேலையே இல்லை. நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் வாய்) வழியாகத் தானே பாயும், யாரும் அறிவிக்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றனவா? அடுத்த 24 மணி நேரத்துக்கு எவ்வளவு மழை சொல்கிறார்கள்? 2015 நவம்பர் மழையில் ஏரிகள் தளும்பி நின்றன. அதற்கு மேல் டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அதே மழை காய்ந்த ஏரிகளில் பெய்திருந்தால் கதை வேறு. வானிலை மையம் 'மிக கனமழை' என்றால் 11.6 முதல் 20.4 செ.மீ. வரை, 'அதி கனமழை' என்றால் அதற்கும் மேலே. கலங்கல் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதி கனமழை எச்சரிக்கை வந்தால் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். செங்கல்பட்டு எச்சரிக்கையோடு காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான எச்சரிக்கையையும் பாருங்கள், ஏரிகளுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

இனி வீட்டு வேலை. வெள்ளம் வாசல் வழியாக நுழைவதற்கு முன்னால் கழிப்பறை வழியாக நுழையும். தெருவில் தண்ணீர் ஏறியதும் செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவு வீட்டுக்குள் திரும்பும். முதலில் பொங்குவது உங்கள் வீட்டிலேயே தாழ்ந்த வாய், அதாவது குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் டிராப். வீட்டிலிருந்து டேங்குக்குப் போகும் 110 மி.மீ. குழாயில், வெளிச் சேம்பருக்கு அருகே ஒரு என்.ஆர்.வி. வால்வு (கழிவை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்வது) போடுங்கள். திறந்து சுத்தம் செய்யும் மூடி மேலே தெரிகிற மாதிரி சின்னத் தொட்டி கட்டி அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைத்தால் ஒரே வருடத்தில் துணியும் முடியும் சிக்கி, மூட வேண்டிய நாளில் பாதி திறந்தபடி நிற்கும். புரட்டாசியில் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும்.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மாடி மழைநீர்க் குழாயை அதே லைனில் இணைத்திருந்தால் வால்வு போடுவதே ஆபத்து. வால்வு மூடிய பிறகு மாடித் தண்ணீர் போக வழியில்லாமல் உங்கள் குளியலறையிலேயே பொங்கும். 1000 சதுர அடி மாடியில் 20 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 18,500 லிட்டர். முதலில் அதைப் பிரித்து வெளியே விடுங்கள். மாடியின் வடிகுழாய் வாயில் இலை அடைத்து ஒரு அடித் தண்ணீர் தேங்கினால் அதே 1000 சதுர அடிக்கு 28 டன் எடை. கம்பிவலைக் குமிழ் மூடி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

வால்வு மூடியபின் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. உங்கள் கழிவும் வெளியே போகாதே. மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட், தடித்த குப்பைப் பை, ஒரு மூட்டை மரத்தூள் அல்லது சாம்பல் மாடி அறையில் இருக்கட்டும். வால்வு போட முடியாதவர்கள் பாலித்தீன் பைக்குள் மணல் நிரப்பிய மூட்டையைக் கோப்பையின் வாயிலும் ஒவ்வொரு டிராப்பின் மேலும் அழுத்தி வைக்கலாம். முக்கால் அடித் தண்ணீருக்கு அது தாங்கும். மூன்றடிக்குத் தாங்காது.

மழைக்கு முன்னால் செப்டிக் டேங்க்கைக் காலி செய்துவைப்போம் என்று லாரியைக் கூப்பிடுகிறார்கள். செய்வதானால் இப்போதே, மண் காய்ந்திருக்கும்போது செய்யுங்கள்; எடுத்தபின் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் மேலேறிய ஈர மண்ணில் காலி டேங்க் என்பது படகு. அடியிலிருந்து தூக்கும் விசை சுவரைப் பிளக்கும், பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் முழுதாகவே மிதந்து வெளியே வரும். சம்ப்புக்கும் இதே விதி. மழைக்கு முன் சம்ப்பை விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். நிரம்பியிருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போக இடமும் குறைவு.

சம்ப் மூடியைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு வளையம் எழுப்பி, காற்றுக் குழாயையும் அதற்கு மேலே நீட்டி, மூடியின் ஓரத்தில் எம்-சீல் அல்லது சிலிக்கான் போட்டால் மிக்ஜாம் அளவு வெள்ளத்துக்குச் சம்ப் தப்பும். 2015 அளவுக்குத் தப்பாது. அதற்கு உங்கள் நம்பிக்கை மாடி டேங்க் மட்டுமே. டேங்கின் அடியிலேயே, மொட்டை மாடியில், அரை அங்குலக் குழாய் ஒன்று வையுங்கள். வெள்ளம் வரும்போது வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு இந்தக் குழாயில் மட்டும் பிடியுங்கள். கீழே மூழ்கிய தளத்தில் ஒரு குழாய் கசிந்தால் போதும், 1000 லிட்டரும் ஓரிரவில் போய்விடும், போவது கண்ணுக்கும் தெரியாது.

மணல் மூட்டை பற்றி: காலி சிமெண்ட் பையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விடும். வாய்ப்பக்கத்தை அடியில் மடக்கி, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, மிதித்து, தண்ணீர்ப் பக்கம் தார்ப்பாய் விரித்து, அதன் நுனியை முதல் வரிசைக்கு அடியில் செருக வேண்டும். மூன்றரை அடி வாசலுக்கு ஒன்றரை அடி உயரம் கட்ட ஏறக்குறைய 20 மூட்டை ஆகும். அதற்கு மேலே உயர்த்த ஆசைப்படாதீர்கள். வெளியே ஒரு அடி நின்றால் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் தள்ளும் விசை 14 கிலோ அளவு. மூன்றடி நின்றால் அது ஒன்பது மடங்காகி 125 கிலோவைத் தாண்டும். நாலரை அங்குலக் காம்பவுண்டுச் சுவர் அந்த அழுத்தத்தில் சாயும். குழந்தைகளை அதன் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். வெளியே மூன்றடி ஆனால் வாசலைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுவதே வீட்டுக்கு நல்லது.

மெயின்போர்டு (மின் ஒப்பந்தக்காரர்):

ஏரிக்கரை சார் சொன்னதுக்கு அப்புறம் கரண்ட் சமாச்சாரம். மெயினை ஆஃப் பண்ணிட்டா வீடு செத்துப்போச்சுன்னு நினைக்கிறாங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில அது பொய். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானா ஆன் ஆகி, ஃபேன் லைட் லைன்ல அதே 230 வோல்ட்டை அனுப்பும். தண்ணிக்குள்ள இருக்கிற சுவிட்ச் போர்டுக்கும் சேர்த்து. அதனால வரிசை இதுதான்: முதல்ல இன்வெர்ட்டரோட சுவிட்சை ஆஃப் பண்ணு, அப்புறம் மெயின், அதுக்கப்புறம் பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டு. வீட்டில ரெண்டு பேருக்காவது இது தெரிஞ்சிருக்கணும். போர்டு பக்கத்துலயே பெயிண்ட்ல எழுதி வைங்க.

எப்போ ஆஃப் பண்றது? உங்க வீட்டுக் கணக்குக்கு, தண்ணி ரெண்டாவது படியைத் தொடும்போது. கால் காய்ஞ்ச தரையில இருக்கும்போதே முடிச்சிடணும். ஏற்கெனவே உள்ள தண்ணி வந்து, போர்டுக்குப் போக அதுல நடந்துதான் போகணும்னா போகவே போகாதீங்க. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல சொல்லி கம்பத்துல கட் பண்ணச் சொல்லுங்க. தெருவே இருட்டா இருக்குன்னு தைரியமும் வேண்டாம், எந்த நேரமும் லைன் திரும்ப வரும். இழவு விழறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான்.

இப்போ ஆறு வாரத்துல செய்ய வேண்டியது. கறை மூன்றரை அடின்னு சொல்றீங்க, அப்போ ப்ளக் பாயின்ட் எல்லாம் நாலரை அடிக்கு ஏறணும். ஒயரைத் தரைப் பக்கத்துலேர்ந்து மேல கொண்டுபோகாம, சீலிங்லேர்ந்து கீழ இறக்கச் சொல்லுங்க. இல்லேன்னா போர்டு மேல இருந்தும் ஒயர் பைப் முழுக்கத் தண்ணி நிக்கும். கீழ் ப்ளக் லைனுக்குத் தனி எம்.சி.பி. (லோடு கூடினா தானா கட் ஆகிற சுவிட்ச்), மாடி அறைக்குத் தனி எம்.சி.பி. வரட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது) இல்லேன்னா கண்டிப்பா போடுங்க, மாசம் ஒருதரம் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. ஆனா வீடு இன்வெர்ட்டர்ல ஓடும்போது அது ட்ரிப் ஆகும்னு நம்பி தண்ணியில கை வைக்காதீங்க.

பேட்டரி அறுபது கிலோ கிட்ட வரும், கடைசி நேரத்துல தூக்க முடியாது. இப்போவே இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மாடி அறைக்கு மாத்திடுங்க. அலமாரிக்குள்ள பூட்டி வைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது வாயு வரும், காத்தோட்டம் வேணும்.

எவ்வளவு நேரம் வரும்னு கணக்கு: 150 ஏஎச், 12 வோல்ட்னா காகிதத்துல 1800 வாட்-அவர். இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரி வயசு எல்லாம் போக 1000-ன்னு வெச்சுக்குங்க. பழைய ஃபேன் 75 வாட், அதோட ரெண்டு ட்யூப்லைட் 40 வாட்னா ஒன்பது மணி நேரத்துல முடிஞ்சது. கரண்ட் கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், ரெண்டு 9 வாட் பல்பு, மொத்தம் 48. இருபது மணி நேரம் போகும். ராத்திரி மட்டும் ஓட்டினா ரெண்டு ராத்திரி. மிக்ஜாம்ல நாலஞ்சு நாள் கரண்ட் இல்லாத தெருக்கள் இருந்துச்சு, அதனால ஃபேனை மாத்தறதுதான் ரெண்டாவது பேட்டரி வாங்கறதை விட மலிவு. 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒண்ணு இன்னைக்கு இருக்கிற போனை ரெண்டரை தடவை சார்ஜ் பண்ணும், டப்பாவில போட்டிருக்கிற கணக்கு வராது.

சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணிக்குள்ளயே இருக்கிறதுதானே, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதோட ஸ்டார்ட்டர் பெட்டிதான் போகும், அதை நாலரை அடிக்கு மேல மாட்டுங்க. சம்ப் மோட்டார்னா ரெண்டு பக்கமும் யூனியன் (கழட்டி மாட்டற பைப் இணைப்பு) போட்டு, ப்ளக் டைப்பா மாத்திட்டா, ஸ்பேனரோட பத்து நிமிஷத்துல கழட்டி மாடிக்கு எடுத்துடலாம். காயில் கட்டற செலவு மிச்சம்.

தாழைமலர்:

இருவருக்கும் நன்றி. மழைநீர்க் குழாய் செப்டிக் லைனில்தான் இருக்கிறது, முதலில் அதைப் பிரிக்கிறோம். மாமியாரின் இன்சுலினைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஐந்து நாள் தாங்குமா? மண்பானையில் வைக்கலாமா? மாடி அறையிலேயே எல்லோரும் தங்கிவிடலாம் என்பதுதான் இப்போதைய எண்ணம்.

செவிலி சுந்தரி:

இன்சுலினைப் பற்றிப் பதற வேண்டாம் அம்மா. திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் திறந்து பயன்படுத்துகிற குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே பெரும்பாலும் 28 நாள் வரை தாங்கும். வகைக்கு வகை கொஞ்சம் மாறும், உறைக்குள் இருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் சென்னைப் பகலே 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். மண்பானை கோடையில் நன்றாகக் குளிரும். மழைக்காலத்து ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாகாது, அதனால் பெரிதாகக் குளிராது. வைப்பதில் கெடுதி இல்லை, அவ்வளவுதான். கெடுதி ஐஸில் இருக்கிறது. ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தோ ஃப்ரீசரில் வைத்தோ ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகி வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அந்த மருந்து பயன்படாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மாத இன்சுலின், ஊசிகள், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மீட்டருக்கு மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும். வெள்ள நாளில் சாப்பாடு நேரம் தவறும், ஆனால் ஊசி பழக்கத்தில் நேரத்துக்குப் போய்விடும். அப்போது சர்க்கரை தாழ்ந்துவிடும். குளுக்கோஸ் பாக்கெட் அவர் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். சாப்பாடு தவறினால் அளவை எப்படி மாற்றுவது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டில் இருவரின் போனில் வையுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர். ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் 125 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. அடைத்து வைத்தவை மாடி அறையில் இருக்கட்டும். மாடி டேங்கின் 1000 லிட்டர் மற்ற தேவைகளுக்கு ஆளுக்கு நாளுக்கு 40 லிட்டர் வரும், அது தாராளம். ஆர்.ஓ. மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது என்பதை மறந்துவிடுகிறார்கள். கேன் தீர்ந்துவிட்டால் டேங்க் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். எரிபொருள் இல்லையென்றால் 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் மாத்திரை போட்டுப் பயனில்லை, தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும்.

அடுப்பில்லாமல் மூன்று நாள் ஓட்ட ஐந்து பேருக்கு: அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை ஒன்றரை கிலோ, வெல்லம் 1 கிலோ, கடலைமிட்டாய் 1 கிலோ, பேரீச்சை அரை கிலோ, பால்பவுடர் அரை கிலோ. அவலை ஊறவைத்தாலே போதும், பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம். பாட்டிக்கு வெல்லமும் பேரீச்சையும் தவிர்த்துப் பொட்டுக்கடலையும் அவலும் அளவாக. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நாப்கின் மறந்துபோகிற பொருள், எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நடந்தவர்கள் காலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பாட்டியின் கால் அந்தத் தண்ணீரில் படவே கூடாது, சர்க்கரைக்காரர் காலில் சின்னக் கீறல் போதும். சேற்றில் வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்சிசைக்ளின் தருவார்கள். அது கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது, மருத்துவ முகாமில் கேட்டுத்தான் போட வேண்டும், வீட்டில் இருந்த அட்டையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பது தவறு. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து 108.

மாடி அறை பற்றி எனக்கு உடன்பாடில்லை, அடுத்து யாராவது எழுதுவார்கள்.

கடலோரக் காற்று (பேரிடர் மீட்புப் பயிற்சியாளர்):

நான் எழுதுகிறேன். தகரக் கூரை அறை வெறும் மழைக்குச் சரி. புயல் சேர்ந்து வந்தால் அது தங்கும் இடமே இல்லை. 2016 வர்தா புயல் எத்தனை தகரங்களைப் பிடுங்கி எறிந்தது என்று சென்னைக்குத் தெரியும். தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட் துருப்பிடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், ஓர வரிசையில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு போல்ட் வேண்டும், காற்று கிழிப்பது ஓரத்திலிருந்துதான். அப்படிச் செய்தாலும் அந்த அறையைப் பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியும் குழந்தையும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். எப்போது என்பதை மழையில் உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது, இன்றே கோடு போட்டுவிடுங்கள். ஏரிகள் நிரம்பியிருக்கும்போது உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், வானம் வெளுத்திருந்தாலும், அன்று மதியத்துக்குள் அவர்கள் இருவரும் ஒரு துணையோடு உறவினரின் மேல்மாடி வீட்டுக்குப் போகிறார்கள். மீதி இருவருக்கான கோடு கேட் தூணில் சிவப்புப் பெயிண்டில்: தெருத் தண்ணீர் அரை அடியைத் தொட்டால் இவர்களும் கிளம்ப வேண்டும். 2015-இல் தண்ணீர் ஏறியது இரவில். படகு வரும் என்பதை நம்பிப் படுத்தவர்கள் விடியும்வரை மாடியில் நனைந்தார்கள்.

நடக்க நேர்ந்தால் கையில் நீளக் கம்பு, தெருவின் நடுவே நடங்கள். ஓரத்தில் திறந்த வடிகால்வாய் இருக்கும், மின்வாரியப் பில்லர் பெட்டியும் இருக்கும். பாயும் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் நிற்க முடியாது, திரும்பிவிடுங்கள். படியேற முடியாதவரைத் தூக்கக் கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலி நல்லது. ஒரு புடவையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, ஒருவர் முதுகுப்புறம், ஒருவர் முன்கால்களைப் பிடித்து, முகம் படியிறங்கும் திசையைப் பார்க்கும்படி தூக்க வேண்டும். இந்த வாரமே ஒருமுறை தூக்கிப் பாருங்கள், நாற்காலி தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

போனில் எண்களைச் சேமிப்பதோடு ஒரு தாளிலும் எழுதுங்கள்: 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 112 அவசர உதவி, 108 ஆம்புலன்ஸ். பேச்சு கிடைக்காதபோது எஸ்.எம்.எஸ். போய்விடும். வெளியூரில் ஒரு உறவினரைத் தகவல் மையமாக வைத்து, எல்லோரும் அவருக்கு மட்டும் செய்தி அனுப்புங்கள்.

கேஸ் சிலிண்டரைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மிதக்கும். இரும்போடு சேர்ந்து 30 கிலோ எடை, ஆனால் அது விலக்கும் தண்ணீர் அதைவிட அதிகம். மிதந்தால் ரெகுலேட்டர் பிடுங்கிக்கொள்ளும். கிளம்பும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியை மாட்டி, நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள்.

கார், வண்டி மேட்டில் நிற்கட்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி வைத்தவர்களைச் சிலர் குறை சொன்னார்கள், அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். மூழ்கிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், சாதாரணக் காப்பீடு அதற்குப் பெரும்பாலும் பணம் தராது, எஞ்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள்.

பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். ஜிப்லாக் பைக்குள் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, கிளம்பும் பையில் முதல் பொருளாக. நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டு யாருடைய ஃப்ரீசரிலாவது வையுங்கள், மை பரவுவதும் பூஞ்சையும் நிற்கும். பிறகு நிதானமாகக் காயவைக்கலாம்.

பனைமரத்தடி:

தண்ணீர் வடிந்ததும் சம்ப்பில் ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும், இவ்வளவு பயப்பட வேண்டாம்.

செவிலி சுந்தரி:

ஒரு கை என்பது அளவே இல்லை ஐயா. கழிவு கலந்த சம்ப்புக்கு இரண்டு கட்டம் வேண்டும். முதலில் சேற்றை வெளியேற்றிச் சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கிருமி நீக்க 1000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் பவுடர். இவர்களின் 6000 லிட்டருக்கு 900 கிராம் முதல் 1.2 கிலோ வரை வரும். பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். 12 மணி நேரம் வைத்து முழுதும் வெளியேற்ற வேண்டும், அது குடிக்கிற தண்ணீர் இல்லை. செப்டிக் டேங்குக்குள்ளும் விடாதீர்கள், அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர் செத்துவிடும். அதன்பின் புதிதாக நிரப்பியதற்கு 1000 லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம். போன வருடம் பிரித்த பவுடரில் குளோரின் பாதிகூட இருக்காது, புதிதாக வாங்குங்கள்.

ஏரிக்கரை:

சுந்தரி அம்மா சொன்னதோடு ஒன்று. சம்ப்புக்குள் ஆளை இறக்கும் முன் மூடியைத் திறந்து பல மணி நேரம் விட்டு, ஃபேன் வைத்துக் காற்றை அடிக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். கழிவு அழுகிய தொட்டியில் பிராணவாயு இருக்காது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது, கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். செப்டிக் டேங்குக்குள் எந்தக் காரணத்துக்கும் யாரையும் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், அதைவிட உயிர் போகும்.

தாழைமலர்:

எழுதிக்கொண்டோம். கடைசியாக ஒன்று: வடிந்தபிறகு கரண்டை எப்போது போடலாம்? சுவர் காய்ந்தது என்று எப்படித் தெரியும்?

மெயின்போர்டு:

சுவரைத் தொட்டுப் பார்த்துத் தெரியாதும்மா. வெளியே காய்ஞ்சிருக்கும், உள்ளே பைப் வளைவுல தண்ணி நிக்கும். லைசென்ஸ் இருக்கிற ஆளை 500 வோல்ட் மெகரோட (ஒயர்ல கசிவு இருக்கான்னு பார்க்கிற மீட்டர்) கூப்பிடுங்க. எல்லா ப்ளக்கையும் பிடுங்கிட்டு, மெயின் ஆஃப்ல, ஒவ்வொரு சர்க்யூட்டா ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் பார்க்கணும். 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டற லைனை ஆன் பண்ணாதீங்க. அதோட போர்டைத் திறந்து, ஒயரை இழுத்து, பைப்பை ப்ளோயர் வெச்சு ஊதி, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மெகர். தேர்ந்த லைன் மட்டும் ஒவ்வொண்ணா ஆன் ஆகட்டும், முதல்ல மாடி. முங்கின எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., சுவிட்ச் எதையும் ட்ரையர்ல காயவெச்சு போடாதீங்க, உள்ளே சேறு இருக்கும், ட்ரிப் ஆக வேண்டிய நேரத்துல ஆகாது. புதுசு வாங்கி மாட்டுங்க. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் மெக்கானிக் திறந்து பார்க்கிற வரைக்கும் ப்ளக்ல சொருகவே வேண்டாம். மீட்டருக்கு முன்னாடி இருக்கிறது வாரியத்தோடது, அந்த சீலை நம்ம ஆள் தொடக்கூடாது. சர்வீஸ் ஒயர் நனைஞ்சிருந்தா அவங்க வந்து பார்த்து சொல்ற வரைக்கும் மெயின் ஆஃப்லயே இருக்கட்டும்.